அழவைத்தால் போதுமா?

பெங்களூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் ‘கருணாமூர்த்தி’யைக் குறை சொல்லிப் பாருங்கள். "எத்தனை ஊரில் எத்தனை பேரை அழவைத்த படம், தெரியுமா?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். 1978இல் தெலுங்கில் ‘கருணாமயுடு’வாக வந்து, தமிழிலும் இந்தியிலும் டப்பிங் ஆன படம் அது. விஜயசந்தர்தான் இயேசு.

அழுதது உண்மை. மிஷன் குழுக்கள் கிராமம் கிராமமாகத் திரை கட்டிக் காட்டின. வெள்ளைக்கார இயேசுவையே பார்த்துச் சலித்த கண்களுக்கு, நம் பாட்டோடு வந்தவர் நெருக்கமாகத் தெரிந்தார். ‘பாசமலர்’ தந்த பீம்சிங்கின் கைவண்ணமும் அதில் உண்டு. படம் வெளிவருமுன் அவர் காலமானார்.

ஆனால் கண்ணீரைப் படத்தின் வரவில் வைப்பது என்ன கணக்கு? விசுவாசி பாதிக் கண்ணீரோடுதான் வந்து உட்காருகிறார். கதை தெரியாத இந்துக்களும் அழுதார்களே என்பார்கள். குற்றமற்ற ஒருவரை ஆணியடித்துத் தொங்கவிட்டால் யார்தான் அழமாட்டார்கள்?

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. இந்த இயேசு எதற்கும் தடுமாறுவதில்லை. நற்செய்தியில் வருபவர் அத்திமரத்தைச் சபிக்கிறார், சீடர்களைக் கடிந்துகொள்கிறார், கெத்சமனியில் கலங்கிப்போய்த் துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலாதா என்று கெஞ்சுகிறார். விஜயசந்தரின் முகத்திலோ தொடக்கம் முதல் முடிவுவரை ஏறக்குறைய ஒரே சாந்தம். சிலுவையைச் சுமந்து போகையில் அவர் படவேண்டிய பாட்டையெல்லாம் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குரலே பட்டுத் தீர்த்துவிடுகிறது. அந்தப் பாட்டு அருமை. நடிப்பு இல்லாததை மறைக்கும் அளவுக்கு அருமை.

திருநூலை மீறாமல் இருக்க இதுதான் வழி என்பதும் எடுபடாது. 1964இல் பசோலினி என்ற இத்தாலிய மார்க்சியர், மத்தேயு நற்செய்தியின் வாசகங்களையே வசனமாக வைத்துப் படமெடுத்தார். ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு மாணவர் இயேசு. வயது முதிர்ந்த மரியா, இயக்குநரின் தாய். அந்த இயேசு விறுவிறுவென்று நடக்கிறார், நடந்தபடியே தோளுக்குமேல் திரும்பிப் பேசுகிறார், சீறுகிறார். 1995இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த படங்களின் பட்டியலில் அதுவும் இருந்தது. சீறும் இயேசுவால் பக்தி கெடும் என்று அஞ்சுகிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

விஜயசந்தர் 1986இல் ஷிர்டி சாயிபாபாவாக நடித்தார். அங்கி மாறியது, தலையில் துணி ஏறியது. அந்தச் சாந்தம் அப்படியே பொருந்திப்போனது.