முற்றுப்புள்ளி இல்லாத நகைச்சுவை

ஒரு பொருளின்மேல் இன்னொரு பொருளை வைப்போர் சங்கத்தின் விருந்து நடக்கிறது. கோட்டும் சூட்டும் அணிந்த கனவான்கள், நீண்ட மேசை, தலைவர் உரை. இந்த ஆண்டு உங்கள் வட்டாரத்தில் எதன்மேல் எதை வைத்தீர்கள் என்று தலைவர் கேட்க, ஓர் உறுப்பினர் எழுந்து, எதையுமே வைக்கவில்லை, யோசித்துப் பார்த்தால் இதெல்லாம் அசட்டுத்தனமாகப் படுகிறது என்கிறார். தலைவரும் யோசிக்கிறார். ஆமாம், அசட்டுத்தனம்தான். சங்கம் அங்கேயே கலைக்கப்படுகிறது. தலைவர் கதவைத் திறந்து வெளியே காலை வைக்கிறார். வைத்த வேகத்தில் திரும்பி உள்ளே ஓடிவந்து சொல்கிறார்: வெளியே முழுக்கப் படச்சுருள். ஜன்னலைத் திறந்தால் அங்கேயும் படச்சுருள். கனவான்கள் திகைக்கிறார்கள். போர்க்கைதிகள் தப்பிக்கும் பழைய சினிமாக்களைப்போல, சுரங்கம் தோண்டித் தப்பிப்பது என்று முடிவாகிறது.

1970-இல் பிபிசியில் ஒளிபரப்பான ‘மான்ட்டி பைத்தானின் பறக்கும் சர்க்கஸ்’ இரண்டாம் சீசனில் வரும் காட்சி இது. இதன் முழுச் சுவையும் ஒரு தொழில்நுட்ப விவரத்தில் இருக்கிறது. அக்காலத்து பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அரங்கக் காட்சிகளை எலெக்ட்ரானிக் கேமராவால் வீடியோ நாடாவில் பதிவார்கள். தெருவுக்குப் போனால் 16 எம்.எம். ஃபிலிம் கேமராவைத்தான் எடுத்துப்போவார்கள். இரண்டும் கண்ணுக்கு வேறு வேறு. வீடியோ வழவழப்பாக, வெளிச்சம் பரவலாக, இப்போதே நடப்பதுபோல இருக்கும். ஃபிலிமில் மணிமணியான துகள்கள் தெரியும். நிறம் சற்று அடங்கி, நடந்து முடிந்த ஒன்றைப் பார்ப்பதுபோல இருக்கும். ஒரு பாத்திரம் கதவைத் தாண்டியதும் உலகத்தின் தோலே மாறிவிடுவதை அன்றைய பார்வையாளர்கள் வாரம்தோறும் எல்லாத் தொடர்களிலும் பார்த்தார்கள். பார்த்ததாக உணரவே இல்லை. பைத்தான் குழு அதை உணர்ந்தது, நகைச்சுவையாக்கியது.

மங்கலான பிரதியிலும் கைப்பேசித் துணுக்கிலும் இந்தக் காட்சி பாதி செத்துவிடுகிறது. எல்லாம் ஒரே கலங்கலாக இருக்கும்போது கதவுக்கு உள்ளே என்ன, வெளியே என்ன? 2019-இல், தொடரின் பொன்விழாவை ஒட்டி, பிரிட்டனின் நெட்வொர்க் நிறுவனம் 45 பகுதிகளையும் சீர்செய்து வெளியிட்ட ப்ளூ-ரே பெட்டித் தொகுப்பில் இதைப் பார்த்தபோதுதான் அந்தக் கதவின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. செத்துப்போன கிளியைத் திருப்பிக் கொடுக்க வருபவரைப் பற்றிய புகழ்பெற்ற காட்சியில் அந்தக் கிளியின் இனம் ‘நார்வீஜியன் ப்ளூ’. தொகுப்புக்கு ‘நார்வீஜியன் ப்ளூ-ரே பதிப்பு’ என்று பெயர் வைத்தவர்கள் ரசிகர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கிரஹாம் சாப்மன், ஜான் கிளீஸ், எரிக் ஐடில், டெரி ஜோன்ஸ், மைக்கேல் பேலின் என்ற ஐந்து பிரிட்டிஷ்காரர்களும் டெரி கில்லியம் என்ற அமெரிக்கரும் சேர்ந்த குழு இது. 1969 அக்டோபர் 5 அன்று முதல் பகுதி வந்தது. முதல் மூன்று சீசன்களில் தலைக்குப் 13 பகுதிகள். கிளீஸ் விலகியபின் 1974-இல் வந்த நான்காவதில் ஆறு. பிரிட்டனின் மேட்டுக்குடி, ராணுவம், நீதிமன்றம், அரசு அலுவலகம் என்று எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய அங்கதத்தின் முதல் இலக்கு தொலைக்காட்சிதான். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உலகத்துக்குச் செய்தி சொல்லும் பிபிசி அறிவிப்பாளரை அவர்கள் வயல்வெளியில் மேசை போட்டு உட்காரவைத்தார்கள். 1970 ஜூனில் பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடந்தது. அந்த ஆண்டே, விவேகக் கட்சிக்கும் அசட்டுக் கட்சிக்கும் நடக்கும் போட்டியைத் தேர்தல் இரவு நேரலையாகக் காட்டினார்கள். வாக்கு சதவீதம், ஊசலாட்டம், நிபுணர் கருத்து எல்லாம் உண்டு. எதற்கும் அர்த்தம் மட்டும் கிடையாது. நம் தொலைக்காட்சிகளில் வாக்கு எண்ணிக்கை நாளைப் பார்த்துப் பழகிய யாருக்கும் இந்த அங்கதத்துக்கு உரை தேவைப்படாது.

எழுத்திலும் நடிப்பிலும் அவர்களுக்கு நிகரானவர்கள் உண்டு. ஒரு காட்சியை இன்னொன்றோடு இணைத்த விதத்தில்தான் அவர்களைப்போல வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம். அதுவரை தொலைக்காட்சி நகைச்சுவைத் துணுக்கு என்றால் கடைசியில் ஒரு வெடி வேண்டும். வெடித்ததும் இருட்டு, கைதட்டல், அடுத்தது. நல்ல யோசனைகள் பல, கடைசி வரி சரியாக அமையாததால் குப்பைக்குப் போகும். 1969 மார்ச்சில் ஸ்பைக் மில்லிகனின் ‘கியூ5’ என்ற தொடர் வந்தது. அதில் காட்சிகளைப் பாதியிலேயே கைவிட்டு நகர்ந்துவிடுவார் மில்லிகன். அதைப் பார்த்த பைத்தான் குழுவுக்கு வழி திறந்தது. முடிவு வேண்டாம். ஒரு காட்சி அலுக்கும் நேரத்தில் ராணுவக் கர்னல் ஒருவர் நுழைந்து, மிகவும் அசட்டுத்தனமாகிவிட்டது, நிறுத்துங்கள் என்பார். அல்லது மேலிருந்து 16 டன் எடைக்கல் விழும். அல்லது கில்லியமின் அசைபடம் காட்சியை அப்படியே விழுங்கி வேறெங்கோ கொண்டுபோய்த் துப்பும்.

அமைச்சகக் காட்சி எல்லோருக்கும் தெரியும்: கோணல் நடைகளை வளர்ப்பதற்கென்று ஓர் அரசுத் துறை, அதன் உயரமான அதிகாரி கிளீஸ், கால்களை விசிறிக்கொண்டு போகும் அந்த நடை. தனித் துணுக்காக உலகம் முழுவதும் ஓடியிருக்கிறது. அது இடம்பெற்ற பகுதியை, 1970 செப்டம்பர் 15-இல் ஒளிபரப்பானதை, முதலிலிருந்து பாருங்கள். ஒரு வீட்டுக்குப் புதிய கேஸ் அடுப்பு வந்திருக்கிறது. ரசீதில் பெயர் தவறு என்று கேஸ் கம்பெனி ஆட்கள் அடுப்பைப் பொருத்தாமல் விதிமுறை பேசுகிறார்கள். பேசப் பேச ஆட்கள் கூடுகிறார்கள். கேமரா பின்வாங்கி வெளியே வந்தால் பழுப்புக் கோட்டு போட்ட ஆட்கள் வீட்டு வாசலிலிருந்து வரிசையாக நிற்கிறார்கள். விதிமுறை வாய்க்கு வாய் கைமாறுகிறது. பிறகு ஒரு புகையிலைக் கடை. அங்கே வேறொரு காட்சி. அந்தக் கடைக்குச் செய்தித்தாள் வாங்க வருகிறார் உயரமான ஒருவர். வாங்கிக்கொண்டு, கேஸ் ஆட்களின் அந்த வரிசையைத் தாண்டி, அந்த நடையில் நடந்து அலுவலகத்துக்குப் போகிறார். தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

துணுக்கில் நீங்கள் பார்ப்பது ஒரு வினோத மனிதர். முழுப் பகுதியில் பார்ப்பது ஒரு நிர்வாகம். அடுப்பைப் பொருத்தாத குமாஸ்தாவும் நடைக்கு மானியம் வழங்கும் அதிகாரியும் ஒரே தெருவின் இரண்டு முனைகள். ஆண்டுக்கு 34.8 கோடி பவுண்டுதான் ஒதுக்குகிறார்கள் என்று அந்த அதிகாரி பாதுகாப்பு, சுகாதாரம், வீட்டுவசதித் துறைகளோடு தன் துறையை ஒப்பிட்டு அங்கலாய்க்கும்போது, அவர் குரலில் இருக்கும் உண்மையான மனக்குறைக்கு அந்த வரிசையில் நின்றவர்கள் ஏற்கெனவே அடித்தளம் போட்டுவிட்டார்கள். இந்த இணைப்பை வெட்டிவிட்டால் மிஞ்சுவது கால்கள் மட்டும்.

ப்ளூ-ரே பதிப்பு இந்த இடத்தில் செய்திருக்கும் வேலை நேர்த்தியானது. தெருக் காட்சியில் செங்கல்லின் நிறம், கேஸ் ஆட்களின் கோட்டு மடிப்பு, பின்னால் நிற்கும் கார்களின்மேல் விழும் மங்கிய வெயில் எல்லாம் துலக்கமாகத் தெரிகின்றன. அமைச்சக அறைக்குள் போனதும் படம் வீடியோவாக மாறுகிறது. அங்கே அந்த நுட்பம் கிடைக்காது, கிடைக்கவும் வழியில்லை. 625 வரிகளில், இரண்டு அங்குல அகல நாடாவில் பதிந்தது எவ்வளவோ, அவ்வளவுதான் படத்தில் உண்டு. படச்சுருள் தப்பிப் பிழைத்திருந்தால் இன்றைய ஸ்கேனரில் போட்டு அன்று ஒளிபரப்பில் தெரியாத விவரத்தையும் வெளிக்கொணரலாம். நாடாவில் இல்லாததை எந்த இயந்திரமும் நியாயமாகத் தர முடியாது. பழைய வீடியோவை மெழுகு பூசியதுபோல வழித்துவிடும் மென்பொருள்கள் இன்று மலிந்துவிட்டன. அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல் வீடியோவை வீடியோவாகவும் ஃபிலிமை ஃபிலிமாகவும் விட்டிருப்பதே இந்தத் தொகுப்பைச் செய்தவர்களின் ரசனைக்குச் சான்று.

கில்லியமின் அசைபடங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விக்டோரியா காலத்துப் புகைப்படங்கள், பழைய செதுக்கோவியங்கள், ஓவியங்களின் அச்சுப்படங்கள் இவற்றை வெட்டி, ஏர்பிரஷ்ஷில் நிழல் கொடுத்து, மேசைமேல் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் படமெடுத்தார். தொடக்க இசையின் முடிவில் எல்லாவற்றையும் நசுக்கும் அந்தப் பாதம், லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் புரொன்சினோவின் ஓவியத்திலுள்ள மன்மதனுடையது. தெளிவான பிரதியில் வெட்டிய காகிதத்தின் விளிம்பும், ஒரு தாடை தனித்துண்டாக ஆடும்போது அதன்கீழ் விழும் மெல்லிய நிழலும் தெரிகின்றன. குறை தெரிகிறதே என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அதில்தான் உயிர் தெரிகிறது. நேரம் போதாமல் இரவெல்லாம் கத்தரியோடு உட்கார்ந்த ஒரு கலைஞரின் விரல்கள் தெரிகின்றன.

இதெல்லாம் நம் கைக்கு வந்ததே பெரிய காரியம். வீடியோ நாடா அன்று விலையுயர்ந்த சரக்கு. ஒளிபரப்பு முடிந்ததும் அழித்து மறுபடி பயன்படுத்துவது பிபிசியின் வழக்கம். பைத்தானுக்கு வழி காட்டிய ‘கியூ5’-இன் பெரும்பகுதி அப்படி அழிந்தது. பீட்டர் குக்கும் டட்லி மூரும் செய்த ‘நாட் ஒன்லி... பட் ஆல்ஸோ’வும் பெரும்பாலும் போய்விட்டது. பைத்தான் நாடாக்களும் அழிக்கப்படப்போகின்றன என்ற தகவல் உள்ளேயிருந்து தமக்கு வந்ததாகவும், அவசரமாக வீட்டு வீடியோ கேசட்டுகளில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டதாகவும் டெரி ஜோன்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிழைத்த நாடாக்கள் வெட்டுப்படாமல் இருப்பதற்கு இன்னொரு போராட்டம் நடந்தது. 1975-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி நான்காம் சீசனின் மூன்று பகுதிகளை ஒன்றாக்கி 90 நிமிட நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. அதில் சுமார் 24 நிமிடங்களை வெட்டியிருந்தார்கள். விளம்பரத்துக்கு இடம் வேண்டும், சில பகுதிகள் ஆபாசம் என்று காரணம். வெட்டிய இடங்களில் காட்சிகள் தொடர்பற்றுத் தொங்கின. கில்லியம் பெயரில் வழக்கு நடந்தது. ஒரு படைப்பைச் சிதைத்து அதைப் படைத்தவர்கள் பெயரிலேயே காட்டுவது தவறு என்று 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. படைப்பாளியின் உரிமை பற்றி இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் தீர்ப்பு அது. அதைத் தொடர்ந்த உடன்பாட்டில் நிகழ்ச்சிகளின் உரிமை பைத்தான் குழுவின் கைக்கே வந்து சேர்ந்தது. இணைப்புகளுக்காக நீதிமன்றப் படியேறிய வேறு நகைச்சுவைக் குழு இருப்பதாக நான் அறியவில்லை.

பிபிசியின் சொந்தக் கத்தரியும் சும்மா இருக்கவில்லை. மார்செல் புரூஸ்ட்டின் மாபெரும் நாவலை 15 விநாடிகளில் சுருக்கிச் சொல்லும் போட்டி ஒன்று மூன்றாம் சீசனில் வருகிறது. போட்டியாளர் ஒருவர் தன் பொழுதுபோக்குகள் மூன்றைச் சொல்கிறார். மூன்றாவது சொல்லை ஒலியிலிருந்து அழித்துவிட்டார்கள். அரங்கில் இருந்தவர்களின் சிரிப்பை அழிக்க முடியவில்லை. உதடு அசைகிறது, மௌனம், அதன்மேல் வெடிச்சிரிப்பு. இன்னொரு இடத்தில், முகத்தில் கரும்புள்ளி தோன்றிய இளவரசனின் கதையைப் பெண்குரல் சொல்லிக்கொண்டே வரும்போது, அவன் இறந்த நோயின் பெயரை மட்டும் ஓர் ஆண்குரல் சொல்கிறது. முதலில் புற்றுநோய் என்றிருந்ததை அழுகல்நோய் என்று மாற்றி ஒட்டிய ஒட்டு. நல்ல ஒலியில் கேட்டால் இந்தத் தழும்புகள் தெளிவாகக் காதில் விழும். தணிக்கையின் வரலாற்றை இவ்வளவு பக்கத்தில் கேட்பது அபூர்வம்.

எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். கிளீஸ் இல்லாத கடைசி ஆறு பகுதிகளில் வேகம் குறைவு. வேற்று நாட்டவரையும் பெண்களையும் காட்டிய விதம் பல இடங்களில் இன்று உறுத்துகிறது. கரோல் கிளீவ்லண்ட் என்ற தேர்ந்த நடிகைக்கு அவர்கள் கொடுத்த வேடங்கள் அவருடைய திறமைக்குப் போதாதவை. தொகுப்பு அதையும் வெட்டாமல் தந்திருப்பது சரியே. பயன்படுத்தாத படப்பகுதிகளும் நீண்ட வடிவங்களும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றைக் கடைசியில் பாருங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பிரிட்டன் ப்ளூ-ரே வட்டுகள் பொதுவாக ‘பி’ மண்டலத்தைச் சேர்ந்தவை. இந்தியா ‘சி’ மண்டலம். ஆகவே எல்லா மண்டல வட்டுகளையும் ஓட்டும் கருவி தேவைப்படலாம். அமெரிக்காவில் ஏ அண்ட் ஈ நிறுவனம் 2005-இல் வெளியிட்ட ‘16 டன்’ டிவிடி தொகுப்பு விலை குறைவாகக் கிடைத்தால் அதுவும் முழுத் தொடர்தான்; படத்தின் தரம் மட்டும் இதற்கு ஈடாகாது. நெட்வொர்க் நிறுவனம் 2023-இல் மூடப்பட்டுவிட்டது. பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சியை அவ்வளவு பொறுப்போடு தேடிப்பிடித்து வெளியிட்ட நிறுவனம் அது. எனவே இந்தப் பதிப்பு கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள். வாங்கியபின் பிடித்த காட்சிக்குத் தாவாமல், ஒரு பகுதியையாவது முதல் விநாடியிலிருந்து பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை ஒரே மூச்சில் பாருங்கள்.