போப்பையர் கண்ட குறள்

சமயப்பற்று பிறர் மறைநூலின் பொருளை விளக்குமா, மறைக்குமா? திருக்குறளைப் பயின்ற கிறித்தவச் சான்றோர் இருவரை நோக்கின் விடை புலனாகும்.

வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார், காமத்துப்பாலை விடுத்தார். துறவு நெறி அங்கே எல்லை வகுத்தது எனலாம். போப்பையரும் தப்பெண்ணத்தால் அப்பாலைச் சில்லாண்டு படியாதிருந்தார். பின்னர், மனத்தூய்மையே அறம் என்றவர் மாசுபட எழுதியிரார் எனத் துணிந்து கற்றார். 1886-இல் முப்பாலையும் ஆங்கிலத்தில் தந்தார். தயங்கச் செய்த அதே பற்றுத்தான், தூய்மையைப் போற்றியமையால், கதவையும் திறந்தது என்பது நம் கருத்து.

ஆயினும், மயிலையில் வள்ளுவர் கிறித்தவ அறவுரைகளைக் கேட்டிருத்தல் கூடும் என்று அவர் கருதியதை நாம் ஏற்பதற்கில்லை, அதற்குச் சான்றில்லை. தீமை செய்தார்க்கும் நன்மை செய்க என்னும் அறம் குறளிலும் மலைப்பொழிவிலும் ஒலிப்பது மெய்யே. ஆனால் ஒப்புமை வேறு, கடன் வேறு.

பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் நம் ஜங்லிகாட்டில் இவ்வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது. அயலார் மறையை அன்புடன் ஓதுவோம். அதில் நம் முகத்தை மட்டுமே தேடாதிருப்போம்.