மூண்டதும் மூட்டியதும்: உலக வரலாற்றுப் பாடங்களில் வினைமுற்றுகள்

தமிழ்வழிப் பாடநூல்களின் மொழியை ஆராய்ந்தோர் பெரும்பாலும் கலைச்சொற்களிலேயே கருத்தைச் செலுத்தியுள்ளனர். ‘ஏகாதிபத்தியம்’ என்பதா ‘பேரரசியம்’ என்பதா, ‘ரோம்’ என்பதா ‘உரோம்’ என்பதா என்பன போன்ற வினாக்கள் கருத்தரங்குதோறும் எழுகின்றன. பெயர்ச்சொல்லுக்குக் கிடைத்த இக்கவனத்தில் சிறு பகுதியேனும் வினைச்சொல்லுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இதனால் பேரிழப்பு இல்லை. அமிலமும் காரமும் கலக்கும்போது வினைமுதல் யார் என எவரும் கேட்பதில்லை. வரலாற்றுப் பாடத்திலோ அக்கேள்வியை விட்டுவிட்டால் எஞ்சுவது ஆண்டுகளின் பட்டியலே.

தமிழ்நாட்டில் உயர்நிலை வகுப்புகளுக்கு 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த சமூக அறிவியல் நூல்கள் உலக வரலாற்றுக்குத் தாராளமாகவே இடம் தந்தன. ஒன்பதாம் வகுப்பு மனிதப் பரிணாமத்தில் தொடங்கிக் காலனியாதிக்கம் வரை செல்கிறது. பத்தாம் வகுப்பு முதல் உலகப் போரில் தொடங்குகிறது. ‘செவ்வியல் உலகம்’, ‘பின்விளைவு’ ஆகிய ஆட்சிகள் தெளிவானவை. முந்தைய தலைமுறை நூல்களின் வடமொழிச் செறிவோடு ஒப்பிட இவை மாணவர் நாவுக்கு எளியவை. குறை வேறிடத்தில் உள்ளது. பத்தாம் வகுப்பின் முதல் அலகுத் தலைப்பு அப்போரின் ‘வெடிப்பு’ எனத் தொடங்குகிறது. ஆங்கில வழக்கொன்றின் நேர்பெயர்ப்பு இது. (இனிக் காட்டப்படும் தொடர்கள் பாடநூல் நடையின் வாய்பாடுகளே, குறிப்பிட்ட நூலொன்றின் மேற்கோள்கள் அல்ல.)

தமிழில் எரிமலை வெடிக்கும், பருத்தி வெடிக்கும், கோடையில் நிலம் வெடிக்கும். இவை எவரும் செய்யாமல் தாமே நிகழ்பவை. தீயும் சினமும் பகையும் போரும் மூளும். ‘போர் மூண்டது’ என்பது மரபுத்தொடர். ‘வெடிப்பு’ செய்தித்தாள் வழி வந்த புதுவரவு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு வழக்கின் பழமையோடு முடிவதில்லை. மூள் என்னும் வினைக்கு மூட்டு என்னும் இணை உண்டு. தீ மூண்டது என்றவுடன் மூட்டியவர் யார் என்னும் கேள்வியை மொழியே எடுத்துத் தருகிறது. வெடிப்பு என்னும் பெயரோ அத்தகைய கேள்வி எதனையும் தன்னோடு கொண்டுவருவதில்லை.

1914ஆம் ஆண்டின் நிகழ்வுகளை வினைமுற்றுகளோடு அடுக்கிப் பார்த்தால் இது விளங்கும். ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கவ்ரிலோ பிரின்சிப் சுட்டுக் கொன்றான். ஒரு மாதம் கழித்து, ஜூலை 28இல், ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு செர்பியா மீது போர் அறிவித்தது. ஆகஸ்ட் 1இல் ஜெர்மனி ரஷ்யா மீதும், 3ஆம் நாள் பிரான்ஸ் மீதும் போர் அறிவித்தது. 4ஆம் நாள் பெல்ஜியத்துக்குள் படை செலுத்தியது. அன்றே பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. ஒவ்வொரு வினைக்கும் ஓர் எழுவாய் இருக்கிறது. ஒவ்வொரு எழுவாய்க்கும் பின்னால் கையொப்பமிட்ட அமைச்சரும் அரசரும் இருக்கின்றனர். இவை அனைத்தும் ‘வெடித்தது’ என்னும் ஒரு முற்றில் அடங்கிவிடும்போது மாணவர் காண்பது ஒரு வானிலை நிகழ்ச்சியையே.

இவ்வினைமுற்றைத் தேர்வது வரலாற்றாசிரியரிடையே தீராத வழக்கொன்றில் தீர்ப்புக் கூறுவதும் ஆகும். 1919ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 231ஆம் விதி, போரினால் நேர்ந்த இழப்புகளுக்கு ஜெர்மனியையும் அதன் கூட்டாளிகளையும் பொறுப்பாக்கியது. 1961இல் பிரிட்ஸ் பிஷர் ஜெர்மானிய அரசின் போர்நோக்கங்களை ஆவணங்களால் நிறுவ முற்பட்டு அந்நாட்டிலேயே பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். 2012இல் கிறிஸ்டோபர் கிளார்க், ஐரோப்பியத் தலைவர்கள் அனைவரையும் உறக்கத்தில் நடப்பவர்களாக உருவகித்துப் பொறுப்பைப் பகிர்ந்தளித்தார். பிஷரைப் பின்பற்றுவோர் ‘மூட்டியது’ என எழுதலாம். கிளார்க்கைப் பின்பற்றுவோர் ‘மூட்டினர்’ எனப் பலர்பாலில் எழுதலாம். ‘வெடித்தது’ என எழுதுவோர் இவ்விருவரையும் படியாதவர் போலத் தோன்றுவர்.

இந்தியா பற்றிய தொடரில் இது இன்னும் கூர்மையடைகிறது. ‘இந்தியா போரில் ஈடுபட்டது’ என்பதற்கும் ‘இந்தியாவைப் பிரிட்டன் போரில் ஈடுபடுத்தியது’ என்பதற்கும் இடையே ஓர் அரசியல் வரலாறே கிடக்கிறது. 1914இலும் சரி, 1939 செப்டம்பர் 3இல் வைசிராய் லின்லித்கோ அறிவிப்பு வெளியிட்டபோதும் சரி, இந்தியத் தலைவர்களின் ஒப்புதல் பெறப்படவில்லை. இரண்டாம் முறை மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகியது இதன் பொருட்டே. ‘ஈடுபட்டது’ என எழுதிவிட்டுப் பதவி விலகலுக்குக் காரணம் கேட்டால் மாணவர் என்ன செய்வார்? தெரு வழக்கு இவ்வகையில் தெளிவாக இருந்துள்ளது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி எண்ணெய்க் கலங்களைச் சுட்டு எரித்தது. மக்கள் அவ்வினைமுதலின் பெயரையே அஞ்சத்தக்க கைகாரரைக் குறிக்கும் பொதுச்சொல்லாக்கிக் கொண்டனர். அகராதிக் குழு எதுவும் கூடி முடிவு செய்த சொல் அன்று அது.

செயலுக்கு இலக்கான பொருளையே அச்செயலின் எழுவாயாக வைத்துப் பேசும் வழக்கினைத் தொல்காப்பியம் வினையியலில் ஏற்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு. ஆகவே வினைமுதலை விலக்கிப் பேசுவது தமிழுக்கு அயலானது எனக் கூற இயலாது. ஆனால் திண்ணையை மெழுகியவர் யார் என்பது வீட்டாருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விடுவது பேச்சின் சிக்கனம். கார்த்தேஜ் நகரத்தைப் பற்றி முதன்முறையாகப் படிக்கும் பதினான்கு வயது மாணவர் அவ்வீட்டார் அல்லர்.

அழிந்தது - அழித்தது, ஒடுங்கியது - ஒடுக்கியது, வீழ்ந்தது - வீழ்த்தியது முதலிய இணைகளைக் கு. பரமசிவம் 1979ஆம் ஆண்டு ஆங்கில ஆய்வில் விரிவாக ஆராய்ந்தார். இவ்விணைகளில் பலவற்றின் வேறுபாடு மெல்லெழுத்துக்கும் வல்லெழுத்துக்கும் இடையிலான ஓரொலி வேறுபாடே. ஆங்கிலத்தில் ஒரே வினை இருபொருளிலும் வருமிடங்கள் பல. தமிழ் எழுதுவோர் பெரும்பாலும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேர்கிறோம் என்னும் உணர்வின்றித் தேர்வதே இங்குள்ள இடர்.

தன்வினை எங்கும் தவறு என்பது இதன் கருத்தன்று. பண்டைய வரலாற்றில் அருகருகே வரும் இரு நிகழ்வுகள் இதற்குச் சான்று. கி.பி. 476இல் ஓடோவாக்கர் ரோமுலஸ் அகஸ்டுலஸைப் பதவியிலிருந்து இறக்கினான். அதற்கு முன்பே ஒரு நூற்றாண்டாக மேற்கு ரோமப் பேரரசு வரி வருவாயையும் மாகாணங்களையும் இழந்து வந்தது. கிழக்குப் பேரரசோ 1453 வரை நீடித்தது. இங்கு ‘மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்தது’ என்பதே பொருந்தும். வீழ்த்தியவர் இவரே என ஒருவரைச் சுட்டுவது எளிமைப்படுத்தலாகும். கி.மு. 146இல் கார்த்தேஜுக்கு நேர்ந்தது வேறு. சிப்பியோ எமிலியானஸ் தலைமையில் ரோமானியப் படை முற்றுகையிட்டு நகரைக் கைப்பற்றி, எரித்து, எஞ்சியோரை அடிமைகளாக விற்றது. இதனையும் ‘கார்த்தேஜ் அழிந்தது’ என எழுதினால் முந்தைய தொடரின் நேர்மையும் கெடுகிறது. ஒரே வாய்பாட்டில் இரண்டையும் படிக்கும் மாணவர், பேரரசுகள் மூப்பெய்தி மறைவதும் நகரங்கள் எரிக்கப்படுவதும் ஒன்றே எனக் கொள்வார்.

காலனிய வரலாற்றில் இவ்வாய்பாடு கொலையையே மறைக்க வல்லது. இன்றைய நமீபியா அன்று ஜெர்மானியத் தென்மேற்கு ஆப்பிரிக்கா. 1904 ஆகஸ்டில் வாட்டர்பெர்க்கில் தோற்ற ஹெரேரோ மக்கள் ஓமஹேகே பாலைநிலத்துக்குள் சென்றனர். தளபதி லோத்தர் வான் டிரோத்தாவின் படைகள் அவர்களைத் திரும்பவிடாமல் எல்லையை அடைத்து, நீர்நிலைகளை மறித்தன. அக்டோபர் 2இல் அவர் பிறப்பித்த ஆணை, ஜெர்மானிய எல்லைக்குள் காணப்படும் ஹெரேரோ எவரும் சுடப்படுவர் என்றது. ‘பல்லாயிரவர் பாலைவனத்தில் தாகத்தால் மடிந்தனர்’ என்னும் தொடரில் பொய் ஏதுமில்லை. இலக்கணப் பிழையும் இல்லை. அத்தொடரின்படி கொன்றது தாகம். ஜெர்மானிய அரசு இதனை இனப்படுகொலை என ஏற்றது 2021 மே மாதத்தில்தான். பாடத்தொடர் தாகத்திடமே நின்றுவிட்டால் அந்த ஏற்பு எதற்கு என்பது மாணவருக்கு விளங்காது. ‘மடியச் செய்தனர்’ என ஒரு துணைவினை சேர்த்தால் போதும்.

வினைமுதலைக் கூறுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழின் திணைப் பாகுபாடு அதனைப் பிற மொழிகளைவிட வெளிப்படையாக்குகிறது. 1941 டிசம்பர் 7 நிகழ்ச்சியை ‘ஜப்பான் தாக்கியது’ எனவும் ‘ஜப்பானியர் தாக்கினர்’ எனவும் எழுதலாம். முன்னது அஃறிணை ஒன்றன்பால். நாடு என்னும் கருத்துப்பொருள் அங்கே செயலுக்குப் பொறுப்பாகிறது. பின்னது உயர்திணைப் பலர்பால்; ஓசாகாவில் நெசவு செய்தவரும் அவ்வினைக்குள் வந்துவிடுகிறார். ‘ஜப்பானியக் கடற்படை தாக்கியது’ என்பதே உண்மைக்கு அணுக்கமானது. இனப்பெயரையும் சமயப்பெயரையும் பலர்பாலில் வைத்துப் ‘படையெடுத்தனர்’ என முடிக்கும் பழக்கம் மங்கோலியர், துருக்கியர், அரேபியர் பற்றிய பாடங்களில் மிகுதி. அதே பெயரைத் தாங்கிய மாணவர் அவ்வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதைப் பாடநூல் எழுதுவோர் மறப்பதற்கில்லை. அரசரின் பெயரையோ படையின் பெயரையோ எழுவாயாக்கினால் இரண்டு சொற்கள் கூடும்; அவ்வளவே.

போரியல் வரலாற்றின் எண்களிலும் வினை வழுவுகிறது. 1916 ஜூலை 1 அன்று சோம் போரின் முதல் நாளில் பிரிட்டானியப் படைக்கு நேர்ந்த இழப்பு 57,470 பேர். படைத்துறை வழக்கில் இத்தொகை மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர், சிறைப்பட்டோர் ஆகிய அனைவரையும் உள்ளடக்கியது. மாண்டோர் 19,240 பேர். இத்தொகையை ‘உயிரிழந்தனர்’ என முடித்தால் இறந்தோர் எண்ணிக்கை மும்மடங்காகிறது. ‘சேதம்’ என்னும் சொல்லும் உதவாது. மனிதரையும் பாலங்களையும் அது ஒரே வரிசையில் நிறுத்துகிறது. ‘படையிழப்பு’ எனக் கொண்டு, அதனுள் அடங்குவன எவை என ஒருமுறை விளக்குவதே நேரிய வழி.

உயர்நிலை வகுப்புத் தமிழ் இலக்கணப் பாடத்தில் தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை ஆகியன கற்பிக்கப்படுகின்றன. அங்குக் கந்தன் உருண்டான், உருட்டினான். அடுத்த பாடவேளையில் அதே மாணவர்கள் கார்த்தேஜ் அழிந்ததைப் படிக்கின்றனர். இவ்விரு பாடவேளைகளையும் இணைக்கும் பயிற்சி ஒன்று அமைக்கத் தடை ஏதுமில்லை. தன்வினையில் உள்ள ஐந்து வரலாற்றுத் தொடர்களைக் கொடுத்துப் பிறவினையாக்கச் செய்தால், எழுவாயைத் தேடி மாணவர் பாடத்துக்குள் திரும்பச் செல்ல நேரும். சில தொடர்களுக்கு எழுவாய் கிடைக்காது. ரோமப் பேரரசைப் போல. அதுவும் ஒரு விடையே. தேர்வு வினாக்கள் ‘வீழ்ச்சிக்கான காரணங்கள் யாவை?’ என்னும் பெயராக்க வடிவிலேயே தொடரும்வரை இப்பயிற்சிக்கு மதிப்பெண் இராது என்பது வேறு செய்தி.

செயப்பாட்டுவினையின் நிலை பற்றியும் கூறியாக வேண்டும். ‘ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டு வீசப்பட்டது’ என்பது எங்கும் காணும் வாய்பாடு. 1945 ஆகஸ்ட் 6இலும் 9இலும் குண்டுகளை வீசியது அமெரிக்க வான்படை. அதனைக் கூறத் தமிழில் செய்வினையே இயல்பு. படு விகுதி தேவைப்படுவது கூறாமல் விடுவதற்கே. எனினும் ஹிரோஷிமா பற்றிய பாடத்தில் எழுவாயின்மையே பொருளாக அமைந்த ஒரு தொடரும் உண்டு. 1952இல் அந்நகர அமைதிப் பூங்காவில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தின் கல்வெட்டு, மாண்டோரை அமைதியாக உறங்குமாறு வேண்டி, அத்தவறு மீண்டும் செய்யப்படாது என உறுதி கூறுகிறது. ஜப்பானிய மூலத்தில் எழுவாய் இல்லை. வினையில் இடமும் பாலும் காட்டும் ஈறும் இல்லை. தவறு யாருடையது என அவ்வாண்டே எதிர்ப்பெழுப்பியவர் தோக்கியோ விசாரணை மன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய இந்திய நீதிபதி ராதாவினோத் பால். குண்டு வீசியவர் ஜப்பானியர் அல்லரே என்பது அவர் வாதம். மனிதகுலம் முழுவதுமே எழுவாய் என்பது நகர நிருவாகத்தின் விளக்கம்.

ஆங்கிலப் பெயர்ப்பு தன்மைப் பன்மையைச் சேர்த்து இவ்வழக்கை முடித்துவைக்க முயன்றது. தமிழில் பெயர்ப்போருக்குச் சிக்கல் ஒருபடி கூடுகிறது. ‘நாம்’ எனப் பெயர் சேர்த்தால் மாண்டோரும் படிப்போரும் பொறுப்பில் பங்கேற்பர். ‘நாங்கள்’ என்றால் கல்வெட்டை நிறுவியோர் மட்டுமே நிற்பர். பெயரை விட்டுச் ‘செய்யமாட்டோம்’ என வினையை மட்டும் நிறுத்தினால் -ஓம் ஈறு இரண்டுக்கும் இடந்தருகிறது. குண்டு வீசியோர் அதனுள் அடங்குவரா என்பதும் படிப்போரிடம் விடப்படுகிறது. அத்தொடரைக் கரும்பலகையில் எழுதி, விடுபட்ட எழுவாயை நிரப்பச் சொல்வது ஒரு முழுப் பாடவேளைக்குப் போதுமான வேலை.