கழற்றும் முன் கண்டறிய வேண்டும்: எம்ஜிபி காரும் கார்புரேட்டர் மாற்றமும்

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. அதை வைத்து ஓட்டுபவர்கள் இன்றும் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களிடையே ஓயாத விவாதம் ஒன்றும் இருக்கிறது. மக்கர் செய்யும் கார்புரேட்டரைச் சரிசெய்வதா, கழற்றி வைத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதா? இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் எது தேய்ந்தது, எது பழுதானது என்று கண்டறியாமலே இரண்டு தரப்பும் பெரும்பாலும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. அந்தக் கண்டறிதல் இல்லாத பழுதுபார்ப்பும் வீண், மாற்றமும் வீண் என்பதே என் வாதம்.

எம்ஜிபியில் தொடக்கத்திலிருந்து இருந்தவை இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்கள். காலணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது இந்த வகை. அதன் மேல்பகுதியில் டேஷ்பாட் என்ற குப்பி, அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனின் அடியில் நுனி சிறுத்த ஓர் ஊசி. எஞ்சின் காற்றை அதிகம் இழுக்கும்போது பிஸ்டன் உயரும். கூடவே ஊசியும், பெட்ரோல் வரும் துளையான ஜெட்டிலிருந்து மேலேறும். இடைவெளி கூடி, பெட்ரோலும் அதற்கேற்பக் கூடும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் பிஸ்டன் துள்ளி எழாமல், டேஷ்பாட்டுக்குள் இருக்கும் டேம்பரின் எண்ணெய் அதை ஒரு கணம் தாமதப்படுத்தும். அந்தக் கணத்தில் கலவையில் பெட்ரோல் சற்றுக் கூடி, வண்டிக்குப் பிக்கப் கிடைக்கும். நம் ஊர் மோட்டார் சைக்கிள்களில் வந்த சிவி கார்புரேட்டருக்கும் அடிப்படை இதுதான். அங்கே பிஸ்டனைத் தூக்குவது ரப்பர் டயாபிரம்.

எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் இருந்தாலும் காற்று நுழையும் துளைகள் இரண்டே. ஒன்றும் இரண்டும் ஒரு துளையைப் பகிர்ந்துகொள்ளும். மூன்றும் நான்கும் மற்றொன்றை. ஜோடிக்கு ஓர் எஸ்யூ என்ற அமைப்பு இந்த எஞ்சினுக்கென்றே அமைந்த ஏற்பாடு. மாற்றத்தை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது.

பழுதுபார்ப்பின் முதல் பலம், எஸ்யூவில் அசையும் பாகங்கள் மிகக் குறைவு என்பது. அந்தப் பாகங்கள் இன்றும் சால்ஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனத்தில் தயாராகின்றன. அதைவிடப் பெரிய பலம், கருவி ஏதும் இல்லாமலே அது தன் நிலையைச் சொல்லிவிடும் என்பது. சூடான எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, கார்புரேட்டர் உடலின் பக்கத்தில் உள்ள சிறு பின்னை விரலால் அழுத்திப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உயர்த்திப் பார்த்தால் போதும். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு நொடி மெல்லக் கூடிப் பழைய நிலைக்கே வந்தால் கலவை சரி. காதும் விரலும் உள்ள எவரும் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக்கூடிய சோதனை இது. தன் வண்டியைத் தானே புரிந்துகொள்ளும் வாய்ப்பை உரிமையாளருக்குத் தரும் கருவி, மற்ற குறைகள் இருந்தாலும் மதிப்புக்குரியது.

ஆனால் பழுதுபார்ப்பு என்ற பெயரில் நடப்பதில் பாதி, பழுதுபார்ப்பே அல்ல. ரிப்பேர் கிட் ஒன்று வாங்குகிறார்கள். கேஸ்கட், வாஷர், மிதவை அறையின் நீடில் வால்வு எல்லாம் புதிதாகின்றன; உடல் பளபளக்கிறது; கோளாறு போவதில்லை. காரணம், தேய்ந்த பாகம் அந்தக் கிட்டில் இல்லை. எஸ்யூவில் பெரும்பாலும் முதலில் தேய்வது த்ராட்டில் ஷாப்ட். அதன் முனையை இரு விரல்களால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால், அந்த இடுக்கு வழியாகக் காற்று கணக்கில்லாமல் உள்ளே போகிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது அதே இடத்தில் கார்புரேட்டர் கிளீனரைச் சிறிதளவு பீய்ச்சினால் ஐட்லிங் மாறும், சந்தேகம் தீர்ந்துவிடும். இதற்கு மருந்து புதிய ஷாப்டும், உடலைத் துல்லியமாகக் குடைந்து இறக்கும் புஷ்ஷும். இரண்டு பக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். வீட்டுக் கராஜில் முடியும் வேலை அல்ல. நல்ல லேத் பட்டறை வேண்டும்.

மாசுக் கட்டுப்பாட்டுக்காகப் பின்னாளில் வந்த எஸ்யூக்களில் இன்னும் இரண்டு மறைவிடங்கள் உண்டு. ஒன்று, ஸ்பிரிங் வைத்து வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்த ஊசி. அது உரசி உரசி ஜெட்டின் வட்டத்தைக் கெடுத்துவிடும். மற்றது, த்ராட்டில் தகட்டில் உள்ள சிறு வால்வு. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் எந்தத் திருகைத் திருகினாலும் ஐட்லிங் இறங்காது. கிட் மாட்டியவர் இவை எதையும் பார்க்காமல், 'எஸ்யூவே இப்படித்தான்' என்று முடிவுகட்டிவிடுகிறார். பல மாற்றங்களின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மாற்றுபவர்கள் அதிகம் நாடுவது வெபர். எடோர்டோ வெபர் 1923-இல் இத்தாலியின் பொலோனாவில் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்தது. எம்ஜிபிக்கு விற்கும் கிட்களில் பரவலானது 32/36 டிஜிவி. 32 மி.மீ. துளை முதலில் திறக்கும், 36 மி.மீ. துளை மிதி அழுந்திய பின்பு திறக்கும். இதன் பலங்கள் உண்மையானவை. இரண்டு கார்புரேட்டர்களைச் சமப்படுத்தும் வேலை இல்லை. ஷாப்ட் புதியது, காற்றுக் கசிவில்லை. ஆக்சிலேட்டர் பம்ப் இருப்பதால் டேம்பர் எண்ணெயைப் பார்க்கவும் வேண்டாம். இரட்டை எஸ்யூவை முறையாகப் புதுப்பிக்கும் செலவு சில சமயம் இந்தக் கிட்டின் விலையை எட்டிவிடும் என்பதையும் மறைக்கக் கூடாது.

குறைகளும் அதே அளவு உண்மையானவை. எஸ்யூவில் ஓர் ஊசி செய்யும் வேலையை வெபரில் ஐட்லிங் ஜெட், மெயின் ஜெட், காற்று ஜெட், எமல்ஷன் குழாய் என்று பலவும் பங்கிட்டுச் செய்கின்றன. ஒவ்வொன்றும் இந்த எஞ்சினுக்குப் பொருந்தும் அளவில் இருக்க வேண்டும். பெட்டியில் வந்த ஜெட்களை அப்படியே விட்டுவிடுபவர்களே அதிகம். வண்டி ஓடும், நடுத்தர வேகத்தில் ஒரு மந்தம் தங்கிவிடும். மேலும், நடுவில் ஒற்றைக் கார்புரேட்டர் அமர்ந்தால் கலவை நீண்ட மேனிபோல்ட் வழியே இரண்டு துளைகளுக்கும் பிரிந்து போக வேண்டும். குளிரில் பெட்ரோல் அதன் சுவரில் ஈரமாகப் படியும். சிலிண்டர்களுக்குப் பங்கு சமமாகப் போகாது. சாதாரண எம்ஜிபிக்கு வெபர் தருவது வசதி. அதைச் சக்தி என்று விற்பது சரியல்ல. கேம் ஷாப்டும் ஹெட்டும் மாற்றிய எஞ்சினுக்குப் பெரிய டிசிஓஇ வெபர் பொருந்தலாம், அதன் ஜெட்களைப் பொறுமையாகத் தேர்ந்தால்.

மாற்றம் நியாயமாகும் இடமும் உண்டு. 1975 முதல் அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபிகளில் இரட்டை எஸ்யூவுக்குப் பதில் ஒரே ஒரு ஜெனித் ஸ்ட்ராம்பெர்க் வந்தது. 1962-இல் 95 குதிரைத்திறன் என்று விளம்பரமான எஞ்சின், அங்கே 62.5-க்கு வந்து நின்றது. அளந்த முறை வேறு. கார்புரேட்டர் மட்டுமே காரணமும் அல்ல. ஆனாலும் வண்டி சோர்ந்துவிட்டது உண்மை. அதன் தானியங்கி சோக், ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை நம்பி வேலை செய்வது. அது சிக்கிக்கொண்டால் சூடான எஞ்சினுக்கும் பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும். ஊசியைச் சரிசெய்யத் தனி டூல் வேண்டும். பிஸ்டனைத் திரும்பவிடாமல் பிடிக்காமல் அந்த டூலைத் திருப்பினால் டயாபிரம் கிழிந்துவிடும். சரிசெய்யும் செயலே பழுதை உண்டாக்கும் கருவி இது. இதை எடுத்துவிட்டு இரட்டை எஸ்யூ பொருத்துவதை, கார் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புவதாகவே கொள்ள வேண்டும்.

இங்கே சட்டமும் குறுக்கிடுகிறது. அந்த ஸ்ட்ராம்பெர்க் அமர்ந்திருக்கும் மேனிபோல்டோடு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இணைந்த கார்களில், கார்புரேட்டரை மாற்றினால் அதுவும் போய்விடும். கலிபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976 முதலான மாடல்களுக்கு உண்டு. 1975 மாடல்காரர் தயக்கமின்றிச் செய்யும் வேலையை, அடுத்த ஆண்டு மாடல் வைத்திருப்பவர் செய்தால் சோதனையில் தோற்பார். இதைச் சொல்லாமல் தரும் எந்தப் பரிந்துரையும் பொறுப்பற்றது.

கண்டறிதலுக்கு வருகிறேன். கார்புரேட்டர் கோளாறு என்று வருபவற்றில் பெரும்பகுதி மின்சாரக் கோளாறே என்பது பழைய மெக்கானிக்குகளின் அனுபவ வாக்கு. கண்டன்சர் செத்தால் மிஸ்ஸிங் வரும். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டயாபிரம் கிழிந்தால் பிக்கப் மந்தமாகும். பழி கார்புரேட்டர் மேல் விழும். எனவே வரிசை இதுதான்: டேப்பட் இடைவெளி, கம்ப்ரஷன், பாயின்ட், டைமிங், பெட்ரோல் வரத்து, கடைசியில் கார்புரேட்டர். இன்றைய பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த ஈ10 சாதாரணப் பெட்ரோலானது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் அரிக்கும். நீண்ட நாள் ஓடாமல் நின்றால் ஈரத்தை இழுத்து உலோகத்தையும் கெடுக்கும். புதிய கார்புரேட்டர் வாங்கினாலும் டாங்கிலிருந்து வரும் குழாய் பழையதானால் அதன் துகள்கள் புதிய ஜெட்டையும் அடைக்கும்.

கண்டறிந்த பிறகு முடிவு கடினமல்ல. எஸ்யூவில் ஷாப்ட், ஊசி, ஜெட் தேய்ந்திருந்தால் அவற்றைப் புதுப்பியுங்கள். அரைகுறையாக அல்ல, பட்டறைக்கு அனுப்பி. உடலே வெடித்திருந்தாலோ, எவரோ டேஷ்பாட்டுகளையும் பிஸ்டன்களையும் இடம் மாற்றிக் கெடுத்திருந்தாலோ, புதிய எஸ்யூவே வாங்கலாம்; டேஷ்பாட்டும் பிஸ்டனும் ஜோடி பார்த்துப் பொருத்தியவை என்பதால் ஒன்றின் பாகம் மற்றதற்கு ஆகாது. சட்டம் இடம் கொடுத்தால் ஸ்ட்ராம்பெர்க்கை மாற்றுங்கள். வெபர்தான் வேண்டும் என்றால் ஜெட்களைச் சரிப்படுத்தும் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். எதை மாற்றினாலும் கழற்றியதை விற்காதீர்கள். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனமும் இதையே வலியுறுத்துகிறது: பிற்காலத்தில் செய்யும் மாற்றம் திரும்பப் பெறக்கூடியதாக இருக்க வேண்டும், அசல் பாகங்கள் காரோடு தங்க வேண்டும். நாம் தவறாகக் கணித்திருந்தாலும் அடுத்து வருபவர் திருத்திக்கொள்ள அது ஒன்றே வழி.