இரண்டு நொடிக்கு ஒரு கேள்வி

சிடி டிரைவில் தட்டைப் போட்டு மூடியதும் திரையில் அதன் சின்னம் தானாக வந்துவிடுகிறது. பெரும்பாலான டிரைவ்களுக்குத் தட்டு வந்த சேதியைத் தாமாகச் சொல்லத் தெரியாது. கணினிதான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இப்படி விட்டுவிட்டுக் கேட்பதற்குப் போலிங் என்று பெயர். லினக்ஸில் 2000-களின் பிற்பாதியில் இந்த வேலையைப் பார்த்தது ஹால் என்ற பின்னணிச் சேவை. அதன் துணை நிரல் ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியாக ஓடி, 2 நொடிக்கு ஒருமுறை கேட்டது. நாள் முழுக்க ஓடும் கணினியில் இது 43,200 கேள்வி.

அந்தக் காலத்திலேயே வேரூன்றிய பழக்கம் ஒன்று உண்டு: டிரைவ் தொல்லை தந்தால் பின்னணிச் சேவையை நிறுத்திவிடுவது. இது வெறும் அவசரப் புத்தியில் பிறந்ததல்ல. இன்டெல் 2007-இல் பவர்டாப் கருவியை வெளியிட்டபோது, சும்மா இருக்கும் செயலியை யார் யார் தட்டி எழுப்புகிறார்கள் என்பது பட்டியலாகத் தெரியவந்தது. ஹால் கேட்கும் கேள்வி சாட்டா இணைப்பின் மின்சேமிப்பைத் தடுக்கிறது என்று அந்தக் கருவியே எச்சரித்தது. சிடி எழுதும் நிரல் டிரைவைத் திறக்கப் போகும் அதே கணத்தில் ஹாலும் திறந்து வைத்திருந்தால், ‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்ற பிழைதான் மிஞ்சும். மடிக்கணினியின் பேட்டரிக்கும், எழுதிக்கொண்டிருக்கும் தட்டுக்கும், நிறுத்துவதால் உடனடிப் பலன் கிடைத்தது.

ஆனால் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்க இந்தப் பழக்கம் உதவுவதில்லை. கீறல் விழுந்த தட்டு ஒன்று உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரைவ் அதைப் படிக்கத் திரும்பத் திரும்ப முயல்கிறது. கேள்வி கேட்ட நிரல் பதிலுக்காகக் காத்திருக்கிறது. பிஎஸ் கட்டளையின் நிலைப் பத்தியில் அந்த நிரலுக்கு நேரே ‘டி’ என்ற எழுத்து தெரியும். குறுக்கிட முடியாத உறக்கம் என்பது அதன் பொருள். லினக்ஸ் இப்படிக் காத்திருக்கும் நிரல்களையும் கணினியின் சுமையைக் காட்டும் லோட் ஆவரேஜில் சேர்த்தே எண்ணுகிறது. அதனால் செயலி கிட்டத்தட்ட சும்மா இருக்கும்போதே லோட் 1-ஐ ஒட்டி நிற்கும். கில் கட்டளையை 9 என்ற எண்ணோடு கொடுத்தாலும் அந்த நிரல் உடனே சாகாது. டிரைவிடமிருந்து பதில் வந்தாலோ, காலக்கெடு முடிந்தாலோதான் விடுபடும். பழுது இருப்பது தட்டிலோ கேபிளிலோ டிரைவிலோதான். பழி விழுவது சேவையின் மேல். முதலில் பார்க்க வேண்டியது டிமெசேஜ் கட்டளை காட்டும், லினக்ஸின் மையக்கருவான கெர்னலின் பதிவு. டிரைவின் பெயரோடு படிப்புப் பிழைகள் அங்கே வரிசையாக இருந்தால், சேவையை நிறுத்துவது அறிகுறியை மட்டுமே மறைக்கும்.

இதைவிடப் பெரிய குறை, இடம் மாறியதைக் கவனிக்காமல் பழைய மருந்தையே கொடுப்பது. 2011-இல் வந்த கெர்னல் 2.6.38 இந்தக் கேள்வி கேட்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. ஹால் ஓய்வு பெற்று, யூடிஸ்க்ஸ் அதன் இடத்துக்கு வந்தது. இன்று யூடிஸ்க்ஸை நிறுத்தினால், நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் டி-பஸ் வழியாக ஏதாவது ஒரு நிரல் அழைத்ததும் அது மறுபடி எழுந்துவிடும். எழாவிட்டாலும் போலிங் நிற்காது, ஏனென்றால் கேட்பது கெர்னல். கோப்பு மேலாளரில் பென்டிரைவைப் பாதுகாப்பாகக் கழற்றும் வசதிதான் வீணாகப் போகும். டிரைவ் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்து இன்னும் இரண்டு சேவைகளை நிறுத்தத் தோன்றும். அதிலும் பயன் இல்லை.

கெர்னலிடம் போனது நல்ல மாற்றம் என்றே சொல்ல வேண்டும். சிடி டிரைவை ஒரு நிரல் எழுதுவதற்காகத் தனக்கு மட்டும் என்று திறந்துகொண்டால், வேலை முடியும்வரை கெர்னல் கேள்வியை நிறுத்திவைக்கிறது. இடைவெளியை ஒவ்வொரு டிரைவுக்கும் தனியாக மாற்றலாம். சிஸ் அடைவில், பிளாக் பிரிவில், எஸ்ஆர்0 போன்ற டிரைவ் பெயருக்குக் கீழே ஈவென்ட்ஸ்_போல்_எம்செக்ஸ் என்றொரு சிறு கோப்பு இருக்கிறது. அதில் -1 இருந்தால் பொது அளவு, வழக்கமாக 2000 மில்லிநொடி, செல்லும். 0 எழுதினால் அந்த ஒரு டிரைவுக்கு மட்டும் கேள்வி நிற்கும். கணினியை மறுபடி தொடங்கினால் இது அழிந்துவிடும் என்பதால், நிலையாக வேண்டுமென்றால் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவுக்கு ஒரு விதியாக எழுதி வைக்க வேண்டும். தட்டே போடாத சர்வரின் சிடி டிரைவுக்கு இது மிகப் பொருத்தமான தீர்வு. ஹால் காலத்திலும் ஒரு டிரைவை மட்டும் விலக்கும் கட்டளை இருந்தது. பவர்டாப் பரிந்துரைத்ததும் அதைத்தான், சேவையையே நிறுத்துவதை அல்ல.

0 எழுதுவதற்கும் விலை உண்டு. தட்டு ஏற்றப்பட்டிருக்கும்போது டிரைவின் கதவு பூட்டப்பட்டிருக்கும். வெளியேற்றும் பொத்தானை அழுத்தியதும் அந்தக் கோரிக்கை கணினிக்குத் தெரிவதே போலிங் வழியாகத்தான். 0 எழுதிய டிரைவில் பொத்தான் ஊமையாகிவிடும். எஜெக்ட் கட்டளையைக் கையால் கொடுக்க வேண்டும். தட்டை மாற்றினாலும் திரையில் பழைய பெயரே நிற்கலாம். டிரைவை அடுத்த முறை திறக்கும்போதுதான் கெர்னல் மாற்றத்தைக் கண்டுகொள்ளும். தினமும் தட்டு மாற்றும் ஒலிப்பதிவுக் கூடத்தில் இடைவெளியை 10,000 மில்லிநொடியாக நீட்டுவது, முழுதாக நிறுத்துவதைவிட மேல்: சின்னம் சில நொடி தாமதித்து வரும், பொத்தானும் சற்றுப் பொறுத்து வேலை செய்யும்.