எஞ்சினுக்கு எந்த இடம்?

பயணிகள் ஜெட் விமானத்தை வரைய உட்காருகிறவர் எஞ்சினை எங்கே வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். இறக்கை, வால், சக்கரக் கால் எல்லாம் அந்த முடிவைப் பொறுத்தவை. இதில் மூன்று மரபுகள் உண்டு.

பிரிட்டிஷார் எஞ்சினை இறக்கைக்குள்ளேயே, உடலை ஒட்டிப் புதைத்தார்கள். 1949இல் பறந்த டி ஹாவிலண்ட் காமெட்டின் நான்கு எஞ்சின்களும் அப்படித்தான். பார்க்க அத்தனை அழகு. காற்றின் எதிர்ப்பும் குறைவு. ஆனால் எஞ்சினில் தீப்பிடித்தால் நெருப்பு இறக்கையைத் தாங்கும் சட்டத்துக்குப் பக்கத்திலேயே எரியும். பெரிய எஞ்சின் வந்தால் இறக்கையையே மாற்றி வரைய வேண்டும். இம்மரபு நிலைக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் 1955இல் காரவெல்லின் பின்னுடலில் இரு எஞ்சின்களைப் பொருத்தினார்கள். இறக்கை தடையின்றி வேலை செய்தது. முன்வரிசைப் பயணிக்கு இரைச்சல் குறைந்தது. நம் இந்தியன் ஏர்லைன்ஸும் 1964 முதல் காரவெல்லை ஓட்டியது. இவ்வழி வந்த பல விமானங்களில், எஞ்சினுக்கு வழிவிட்டு, கிடைவால் செங்குத்து வாலின் உச்சிக்கு ஏறியது. மூக்கு அளவுமீறி உயர்ந்தால், இறக்கையிலிருந்து கலைந்து வரும் காற்றில் அந்த வால் சிக்கிச் செயலிழக்கும். 1963இல் பிஏசி ஒன்-லெவன் சோதனை விமானம் இப்படி விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஆனாலும் தரையொட்டி நிற்கும் சிறு ஜெட்டுகளுக்கு இன்றும் பின்புறமே தகும்.

மூன்றாவது, போயிங் 1947இல் பி-47 குண்டுவீச்சு விமானத்தில் காட்டிய வழி: இறக்கைக்குக் கீழே, சற்று முன்தள்ளித் தொங்கவிடுவது. என் மதிப்பில் இதுவே தலையாயது. பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கிறது. எஞ்சினின் எடை அந்த வளைவைத் தணிப்பதால் இறக்கையை இலேசாகச் செய்யலாம். முன்தள்ளிய எடை இறக்கையின் படபடப்பையும் அடக்கும். பழுதுபார்ப்பவருக்கும் எஞ்சின் எளிதில் எட்டும்.

இதில் நெருக்கடி, எஞ்சினுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியில்தான். 1967இல் பறந்த போயிங் 737, தரையில் நின்றே சாமான் ஏற்றும்படி தாழ்வாக அமைந்தது. 1984இல் பருத்த எஞ்சின் வந்ததும் உறையின் அடியைத் தட்டையாக்கினார்கள். அதன் மேக்ஸ் வகையில் இன்னும் பெரிய எஞ்சினை முன்னே தள்ளி மேலே தூக்கினார்கள். அதனால் மூக்கு உயரும் போக்கு கூடியது. அதைச் சரிக்கட்டச் சேர்த்த மென்பொருள் ஒரே ஓர் உணரியை நம்பியது. இவ்வகையின் 2018, 2019 விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள்.

விமானப் பொறியியல் பயிலும் இளைஞர்களே, எஞ்சினின் இடத்தைக் குறிக்கும் அதே தாளில் சக்கரக் காலின் உயரத்தையும் குறியுங்கள். இனி வரப்போகும் பெரிய எஞ்சினுக்கும் அங்கே இடம் விடுங்கள்.