முருகதாசரின் ஒரு நாள்

மேதை என்பவன் வறுமையில் உழல வேண்டும். நோயில் மெலிய வேண்டும். நடுவயதைக் காணுமுன்னே மறைய வேண்டும். இப்படி ஒரு நம்பிக்கை தமிழ் வாசகரிடையே நெடுநாளாக வேரூன்றிக் கிடக்கிறது. பாரதியார் 1921இல் 38ஆம் வயதில் மறைந்ததையும், புதுமைப்பித்தன் 1948இல் 42ஆம் வயதில் காச நோய்க்கு இரையானதையும் இதற்குச் சான்றாகக் காட்டுவார் உளர். துன்பமே இலக்கியத்தின் தாய் என்று மேடையில் முழங்குவோர்க்குக் கைதட்டலும் தவறாமல் கிடைக்கிறது. ஆனால், அம்முழக்கத்தைக் கேட்டு வீடு திரும்பும் இளைஞன் ஒருவன், கையிலுள்ள வேலையை உதறினாலன்றி எழுத்தாளன் ஆக முடியாது என்று முடிவு கட்டிவிட்டால், அதன் பின் விளைவதற்குப் பொறுப்பேற்பவர் யார்?

இந்நம்பிக்கை பொன்னா பித்தளையா என்று உரைத்துப் பார்க்கப் புதுமைப்பித்தனே ஓர் உரைகல்லைத் தந்து சென்றிருக்கிறார். 1937ஆம் ஆண்டு 'மணிக்கொடி'யில் வெளிவந்த 'ஒரு நாள் கழிந்தது' என்னும் சிறுகதையே அது. அளவிற் சிறியது, நிகழ்ச்சிகளும் மிகுதியில்லை. எழுதிப் பிழைக்கும் ஒருவனுடைய வாழ்வைத் தமிழில் இத்தனை நேர்மையாகக் காட்டிய கதைகள் சிலவே.

கதைத் தலைவர் முருகதாசர் ஓர் எழுத்தாளர். சென்னையில் ஒட்டுக் குடித்தனம். என்றேனும் ஒரு பெரிய நாவல் எழுதி அழியாப் புகழ் எய்த வேண்டும் என்பது அவரது ஆசை. அதுவரையில் வயிற்றுப்பாட்டுக்காக வியாபாரப் பண்டங்களுக்கு விளம்பரம் எழுதுகிறார். மனைவி கமலம் வீட்டில் இல்லாத பொருள்களைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறாள். மகள் அலமுவைத் தெருவில் தேடிப் பிடித்து வர வேண்டியிருக்கிறது. நண்பர்கள் வருகிறார்கள்; பேச்சு நடக்கிறது. பேச்சின் நடுவே, தயங்கித் தயங்கி, கடன் கேட்கிறார் முருகதாசர். கேட்ட தொகை கிடைக்கவில்லை, சில்லறைதான் கிடைக்கிறது. அடுத்த நாள்களுக்கு என்ன வழி என்று மனைவி கேட்கிறாள். அந்த நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். ஒரு நாள் கழிந்தது. நாவலில் ஒரு வரியும் ஏறவில்லை.

முருகதாசர் வேறு, புதுமைப்பித்தன் வேறு அல்லர் என்று படிப்போர் பலர் கொள்வதுண்டு. கதையிலுள்ள மனைவியின் பெயர் கமலம். ஆசிரியரின் மனைவியார் பெயர் கமலா. கதை மாந்தரைப் போலவே ஆசிரியரும் திருநெல்வேலிச் சீமையை விட்டுச் சென்னையில் பேனாவை நம்பி வாழ்ந்தவர். ஆகவே இதைத் தன்வரலாறாகவே படித்து, 'ஐயோ பாவம், மேதை பட்ட பாடு!' என்று இரங்கிப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

இப்படிப் படிப்பது கதைக்குச் செய்யும் அநீதி. முருகதாசர் அந்த நாளைக் கழித்தார். புதுமைப்பித்தன் அதே நாளைக் கதையாக்கினார். இருவருக்கும் உள்ள தூரம் இதுதான். முருகதாசர் தம்மைப் பற்றித் தாமே வளர்த்துக்கொண்ட மயக்கங்களை ஆசிரியர் மறைவின்றி நகையாடுகிறார். என்றோ ஒருநாள் எழுதப்போகும் பெருநாவல் என்பது இன்று எழுதாமல் இருப்பதற்கு ஒரு சாக்காகவும் ஆகிவிடுகிறது என்பதை அவர் கண்டிருக்கிறார். தம் நிலையைத் தாமே பார்த்துச் சிரிக்க வல்லவனின் மனம் நோயுற்ற மனம் அன்று. இக்கதையை எழுதிய கை, வறுமையிலும் நலத்தோடு இருந்த கை.

முருகதாசரின் நாள் ஏன் வீணாயிற்று? கதையைக் கூர்ந்து படித்தால் மூன்று காரணங்கள் புலப்படும்.

முதலாவது, அவர் விற்பதும் சொல். படைக்க விரும்புவதும் சொல். ஒரே கிணற்றில் காலையெல்லாம் பிறர் தோட்டத்துக்கு இறைத்துவிட்டு, மாலையில் தன் பாத்திக்குப் பாய்ச்ச நினைத்தால் ஊறும் நீர் போதாது. இரண்டாவது, அவர் நாளுக்குக் கரை இல்லை. எப்போது வேலை, எப்போது எழுத்து, எப்போது நட்பு என்ற வரையறை இல்லாமையால் மூன்றும் ஒன்றையொன்று விழுங்குகின்றன. மூன்றாவது காரணமே தலையாயது: பணமில்லை. காப்பிக்கு வழி தேடுவதிலேயே பொழுது போகிறவனிடம் சென்று, காலத்தை ஒழுங்குபடுத்திக்கொள் என்று அறிவுரை கூறுவது கொடுமை. பசித்த பிள்ளையிடம் வாய்பாடு கேட்கும் ஆசிரியரின் செயல் எத்தகையதோ அத்தகையது அது.

புதுமைப்பித்தனின் வாழ்க்கைப் போக்கை நோக்கினால் இம்மூன்றாம் காரணத்தின் வலிமை தெளிவாகும். அவர் எழுதியவை ஏறக்குறைய நூறு கதைகள். இவற்றுள் பெரும்பகுதி 1934 முதல் சுமார் பத்தாண்டுகளில் எழுதப்பட்டவை. அக்காலத்தில் நெடுநாள் 'தினமணி'யில் உதவியாசிரியராக இருந்தார். நாளிதழ் வேலை எளிதன்று. ஆயினும் மாதந்தோறும் சம்பளம் என்று ஒன்று இருந்தது. மணிக்கொடியைச் சுற்றி, எழுதியதைப் படித்து வாதாடும் தோழர் கூட்டமும் இருந்தது. 1943இல் ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கத்தோடு அவரும் தினமணியை விட்டு வெளியேறினார். பின்னர் 'தினசரி', அதன் பின்னர் திரையுலகம். 'அவ்வையார்', 'காமவல்லி' முதலிய படங்களுக்கு எழுதினார். தாமே படம் எடுக்க முயன்றார், அது கைகூடவில்லை. 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனே சென்றிருந்த காலத்தில் நோய் முற்றியது. அந்த இறுதி ஆண்டுகளில் அவர் எழுதிய கதைகள் சிலவே. வறுமைதான் அவரை எழுதவைத்தது என்பது உண்மையாயின், நெருக்கடி மிகுந்த அவ்வாண்டுகளில் அன்றோ கதைகள் குவிந்திருக்க வேண்டும்? குவியவில்லை. சிறிதளவேனும் நிலைத்த வருவாயும் நல்ல கூட்டும் இருந்த ஆண்டுகளே அவருக்கு விளைச்சல் ஆண்டுகள்.

இதற்கு எதிராக ஒன்று சொல்லப்படலாம். மாதச் சம்பளம் எழுத்தாளனை அடக்கிவிடும். வயிறு நிறைந்தால் வாய் அடைபடும் என்பார்கள். இதற்கு விடையாகப் பாரதிதாசன் இருக்கிறார். கனக சுப்புரத்தினம் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1909இல் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் தமிழாசிரியராக வேலை ஏற்று, 1946இல் ஓய்வு பெற்றார். முப்பத்தேழு ஆண்டுகள் பள்ளிக்கூட மணியோசையில் கழிந்தன. அவருடைய முதற் கவிதைத் தொகுதி 1938இலும், 'குடும்ப விளக்கு', 'பாண்டியன் பரிசு', 'அழகின் சிரிப்பு' ஆகியவை அடுத்து வந்த சில ஆண்டுகளிலும் தோன்றின. எல்லாம் வகுப்பறையில் நின்றுகொண்டிருந்த காலத்துப் படைப்புகளே. சாதியையும் மூடப் பழக்கத்தையும் அவரைப் போல் சாடியவர் அரியர். சம்பளம் அவர் வாயை அடைக்கவில்லை. பிறரிடம் கையேந்தாத துணிவையே அது தந்தது.

உ. வே. சாமிநாதையரின் நிலை இன்னும் ஒருபடி மேலானது. அவர் 1880 முதல் கும்பகோணம் கல்லூரியிலும், 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். அவருக்குப் பாடம் சொல்வதும் பதிப்பிப்பதும் ஒரே வழியில் இணைந்தன. விடுமுறை நாள்கள் ஏடு தேடும் நாள்கள் ஆயின. 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. எண்பதைக் கடந்த பின்னரும், 1942இல் மறையும் வரை, அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எரிந்து அணையும் தீப்பந்தத்துக்கு உள்ள புகழ், நெடுநாள் எண்ணெய் வார்த்துக் காத்த விளக்குக்கும் உரியது.

பாரதிதாசனின் பிற்கால வாழ்வில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இறுதி ஆண்டுகளில் அவர் சென்னையில் குடியேறிப் 'பாண்டியன் பரிசு'க் காவியத்தைத் திரைப்படமாக்க அரும்பாடு பட்டார். அது நிறைவேறாமலே 1964இல் மறைந்தார். புதுமைப்பித்தனும் அவரும் வழுக்கிய படி ஒன்றே. திரையுலகைப் பழிப்பதால் பயனில்லை. அதில் எழுதி வாழ்ந்த நல்லவர் பலர். எழுத்தை மட்டுமே அறிந்தவன் முதலாளியின் சுமையையும் ஒருசேரத் தலையில் ஏற்றிக்கொள்ளும்போதுதான் கால் தடுமாறுகிறது.

இவ்வாராய்ச்சி மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்குப் புறம்பானதன்று. 1951, 1952ஆம் ஆண்டுகளில் புதுமைப்பித்தன் எழுத்தின் தகுதியைப் பற்றி இங்குள்ள தமிழ் ஏடுகளில் நீண்ட வாதம் நடந்தது. அவர் மேதையா என்று கேட்டு மோதிக்கொண்ட அக்காலத்தையொட்டியே, 'தமிழ் நேசனில்' சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். முன்னது மேதையைத் தேடியது. பின்னது பயிற்சியைத் தந்தது. இந்நாட்டுக்கு அதிகம் பயன்பட்டது எது என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே கதையும் கவிதையும் வளர்த்தவர்களுள் ஆசிரியர்களும் தோட்டத்துக் கிராணிகளும் தொழிலாளர்களும் பலர். பகல் வேலையை முடித்து, இரவில் விளக்கடியில் எழுதியவர்கள் அவர்கள். பகுதி நேர எழுத்தாளர் என்று அவர்களைத் தாழ்த்திப் பேசுவது அறியாமை.

எழுத்தாளன் தன் கடமையைச் செய்தால் போதுமா? போதாது. புதுமைப்பித்தனின் நூல்கள் 2002இல் நாட்டுடைமை ஆயின. அவர் மறைந்து 54 ஆண்டுகள் சென்றபின். நினைவு விழாவுக்கு மாலை வாங்கும் சமூகம், உயிரோடிருப்பவனின் நூலை விலை கொடுத்து வாங்கத் தயங்குகிறது. கதைக்குச் சன்மானம் தராத ஏடும், இலவசப் பிரதி கேட்கும் நண்பரும், எழுதும் வேளையில் வந்து அமர்ந்து எழ மறுக்கும் விருந்தினரும் முருகதாசரின் அந்த நாளில் பங்குடையவர்களே.

எழுத விரும்பும் இளைஞன் இக்கதையிலிருந்து கொள்ளத்தக்கது துயரமன்று. நேர்மையான ஒரு பிழைப்பு, அதனோடு ஒட்டாமல் காத்துக்கொண்ட ஒரு மணி நேரம், குறை கண்டால் முகத்துக்கு நேரே சொல்லும் இரண்டு தோழர்கள், உடம்பைப் பேணும் அளவுக்கு உறக்கம் — இவ்வளவே வேண்டுவன. இவை வியப்பூட்டும் செய்திகள் அல்ல. மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்காது. ஆயினும் முருகதாசருக்கு இவற்றுள் ஒன்றும் வாய்க்கவில்லை என்பதைப் புதுமைப்பித்தன் கண்டார். கண்டதை எழுதியும் வைத்தார். அவரை உண்மையாகப் போற்றுவோர் அவர் இறந்த விதத்தைப் பின்பற்ற மாட்டார்கள். ஒரு நாள் வீணே கழிவதைக் கண்டு அவர் பட்ட வேதனையைப் புரிந்துகொண்டு, தங்கள் நாளைக் காத்துக்கொள்வார்கள்.